மீனவ கிராமத்துக்குக் குப்பைத் தொட்டி வாங்கித் தரலாமா?

கேள்வி: நாங்கள் தெம்பனிஸ் வட்டாரத்து நண்பர்கள். மாதம் ஒரு ஞாயிறு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காக் கடற்கரையில் குப்பை பொறுக்குகிறோம். ஜூன், ஜூலையில் இந்தோனீசியப் பெயர் அச்சிட்ட பாக்கெட்டுகள் நிறைய ஒதுங்குகின்றன. அதனால் இந்தோனீசியாவின் பாத்தாம் தீவுப் பக்கம் ஒரு மீனவ கிராமத்துக்குக் குப்பைத் தொட்டிகள் வாங்கித் தர, தீபாவளியையொட்டி நிதி திரட்டலாம் என்று யோசிக்கிறோம். பிளாஸ்டிக்குக்காக இந்தோனீசியாவில் ஒரு தேசியப் பங்காளித்துவம் இருக்கிறதாமே, பணத்தை அவர்களிடமே கொடுத்துவிடலாமா?

பதில்: பணத்தை அவர்களிடம் கொடுக்க முடியாது, அது அப்படிப்பட்ட அமைப்பு அல்ல. தொட்டியும் இப்போதைக்கு வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. சிங்கப்பூரில் 2023ல் பிளாஸ்டிக் மறுபயனீட்டு விகிதம் 5 விழுக்காடுதான். இந்தோனீசியாவில், 2017 நிலவரப்படி, ஏறக்குறைய 10 விழுக்காடு. அதாவது மறுபயனீட்டில் அவர்கள் நம்மைவிட மேல்! ஆனாலும் நம் வீட்டுக் குப்பை கடலுக்குப் போவதில்லை. வீவக அடுக்குமாடி வீட்டுக் குப்பைக் குழாயில் போட்டதை ஒருவர் தவறாமல் வந்து எடுக்கிறார். அது எரிஆலைக்குப் போகிறது. சாம்பல், கழிவு நிரப்பும் இடமான செமாக்காவ் தீவுக்குப் போகிறது. வித்தியாசம் பொறுப்புணர்ச்சியில் இல்லை, குப்பை லாரியில் இருக்கிறது. இது புரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

இப்போது அந்தப் பங்காளித்துவம். உலகப் பொருளியல் கருத்தரங்கின் ஏற்பாட்டில் உருவான உலகத் திட்டத்தின் முதல் தேசியக் கிளை (National Plastic Action Partnership) இந்தோனீசியாவில் 2019ல் தொடங்கியது. பிறகு கானா, வியட்னாம், நைஜீரியா என்று விரிந்தது. அமைச்சு, பெரிய நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள், ஆய்வாளர்கள், கடன் கொடுப்பவர்கள் எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் அதன் வேலை. அது லாரி ஓட்டாது, அபராதமும் போடாது. சிலர் இதைப் பேச்சுமன்றம் என்று கிண்டல் செய்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அதுவரை ஆளாளுக்கு ஒரு புள்ளிவிவரம் வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். 2020ல் வெளிவந்த இதன் செயல்திட்டம் எல்லாருக்கும் ஒரே கணக்கைக் கொடுத்தது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள், 2017 நிலவரம். ஆண்டுக்கு 68 லட்சம் டன் பிளாஸ்டிக் கழிவு. அதில் 48 விழுக்காடு வீட்டு வாசலிலோ தெருவோரத்திலோ கொளுத்தப்படுகிறது. நீர்நிலைக்கும் கடலுக்கும் போவது 9 விழுக்காடு, அதாவது 6 லட்சத்து 20 ஆயிரம் டன். கடலுக்குப் போவதைவிட ஐந்து மடங்குக்கு மேல் காற்றில் போகிறது. அது ஈஸ்ட் கோஸ்டில் ஒதுங்காததால் நம் கண்ணில் படவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் காரணம் ஒன்று: நாட்டின் பிளாஸ்டிக் கழிவில் 39 விழுக்காட்டைத்தான் யாராவது வந்து எடுத்தார்கள். இதை 2025க்குள் 80 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் முக்கியமான இலக்குகளில் ஒன்றாக இருந்தது.

எடுக்க ஆள் வராத ஊரில் தொட்டி வைத்தால் என்ன ஆகும்? சில நாளில் நிரம்பும், பிறகு வழியும், மழை வந்தால் மிதக்கும். பாத்தாமை உள்ளடக்கிய ரியாவ் தீவுகளில் பல மீனவக் குடியிருப்புகள் தண்ணீரின் மேல் கால் நட்டுக் கட்டியவை. வீடுகளுக்கு நடுவே குறுகலான பலகைப் பாதைதான். அங்கே லாரி வராது. சக்கரம் வைத்த பெரிய தொட்டி திரும்பவே இடமிருக்காது. அலை இறங்கும்போது வீட்டுக்கடியில் கிடப்பதெல்லாம் தானாகக் கடலுக்குப் போய்விடும்.

ஒரு ஷாம்பு சாஷேயை, அதாவது ஒருமுறை பயன்படுத்தும் சின்னப் பாக்கெட்டை, கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே பளபளப்பு, வெளியே அச்சு, நடுவில் ஒட்டிய வேறு வேறு படலங்கள். பிரிக்க முடியாது, உருக்கி விற்கவும் முடியாது. தண்ணீர் பாட்டிலுக்கு எடைக்கு எடை காசு கிடைப்பதால் குப்பை பொறுக்குபவர் அதை விடமாட்டார். சாஷேயைக் குனிந்துகூடப் பார்க்கமாட்டார். இந்தோனீசியாவில் ‘பேங்க் சம்பா’ என்று குப்பை வங்கிகள் உண்டு, 2008ல் யோக்யகர்த்தா பக்கம் பந்துலில் தொடங்கியவை. பாட்டிலையும் அட்டையையும் கொண்டுபோனால் எடைபோட்டுக் கணக்குப் புத்தகத்தில் வரவு வைப்பார்கள். அருமையான ஏற்பாடுதான், ஆனால் விலை போகும் பொருளுக்கு மட்டும். கடற்கரையில் உங்கள் கையில் சிக்கும் பாக்கெட்டுகள் விலை போகாத வகை. அவற்றை எடுக்க ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும். தயாரிப்பாளர்கள் 2029க்குள் தங்கள் கழிவை 30 விழுக்காடு குறைக்கவேண்டும் என்று 2019ல் அந்நாட்டு அரசு விதி போட்டிருக்கிறது. அது நடக்கட்டும்; நீங்கள் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

(பாக்கெட்டில் இந்தோனீசியப் பெயர் இருப்பதால் அந்தக் கிராமம்தான் போட்டது என்று முடிவு கட்டாதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று கப்பலில் வீசியதையும் கொண்டுவரும், எங்கோ தூரத்து ஆற்றில் வந்ததையும் கொண்டுவரும்.)

சரி, என்ன செய்யலாம்? கிராமத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள், பணம் பற்றிப் பேசாமல். குப்பையை யார் எடுக்கிறார், வாரத்துக்கு எத்தனை முறை, எடுத்தது எங்கே போய்ச் சேர்கிறது, ஒரு வீடு மாதம் எவ்வளவு கட்டுகிறது, அல்லது கட்டத் தயாராக இருக்கிறது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கிழக்கு ஜாவாவில் முன்சார் என்ற மீன்பிடித் துறைமுக ஊரில் தொடங்கிய ஒரு திட்டமும் வீடு வீடாகக் குப்பை எடுப்பதையே அடித்தளமாக வைத்தது. கடற்கரை துப்புரவை அல்ல.

பதில்கள் ஓரளவு திருப்தியாக இருந்தால், ஒரு சிறிய படகுக்கோ பலகைப் பாதையில் போகும் தள்ளுவண்டிக்கோ கொடுங்கள். கூடவே எடுப்பவரின் சம்பளத்தில் ஒரு பகுதியை இரண்டு ஆண்டுக்கு ஏற்றுக்கொள்ளுங்கள், ஆண்டுக்காண்டு குறைத்துக்கொண்டே. நீங்கள் குறைக்கும் தொகையை வீட்டுக் கட்டணமோ உள்ளூர் நிர்வாகமோ நிரப்பும் என்று எழுத்தில் வாங்குங்கள். அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் உள்ளூர் அமைப்பு வழியாகப் போவது நல்லது. அந்த அமைப்பைத் தேடிப் பிடிப்பதற்குத்தான் தேசியப் பங்காளித்துவம் உங்களுக்கு உதவும்: யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று அவர்களிடம் விசாரியுங்கள்.

அப்புறம் சட்ட விஷயம். வெளிநாட்டு நற்காரியத்துக்காகச் சிங்கப்பூரில் பொதுமக்களிடம் நிதி திரட்ட, அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். திரட்டியதில் செலவு போக மீதியில் குறைந்தது 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரிலேயே பயன்படுத்தவேண்டும் என்பது பொது விதி. விலக்கு வேண்டுமென்றால் தனியாகக் கேட்கவேண்டும். நண்பர்களுக்குள் மட்டும் பணம் போட்டுக்கொள்வது வேறு கதை, அதையும் ஆணையர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். லிட்டில் இந்தியாவில் உண்டியல் வைப்பதாக இருந்தால் விண்ணப்பத்தை இப்போதே போடுங்கள். அனுமதி கையில் வரும்வரை சுவரொட்டி அச்சடிக்கக் கொடுக்காதீர்கள்.