ஃபோனை எடுக்காத நாலு மாசம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

எனக்கு 41 வயசு. ரெண்டு வருஷமா டயாலிசிஸ்ல இருக்கேன், செவ்வாய் வியாழன் சனி. கடைய தம்பி கையில விட்டாச்சு. நாலு மாசமா ஃபிரெண்ட்ஸ் ஃபோன எடுக்கிறதே இல்ல, எடுத்தா "எப்படி இருக்க"ன்னுதான் ஆரம்பிக்கிறாங்க, அதுக்கு என்னத்த சொல்ல. வீட்லயும் பேச்சு கொறஞ்சு போச்சு. போன வாரம் இன்னிக்கு போகாம இப்படியே படுத்துட்டா என்னன்னு தோணுச்சு. நீங்களும் டயாலிசிஸ் பண்றீங்கன்னு எழுதியிருந்தீங்க. எப்படி தாங்குறீங்க?

தம்பிக்கு,

மொதல்ல அந்த "படுத்துட்டா என்ன"வுக்கு வர்றேன், மத்ததெல்லாம் அப்புறம். விட்டா பொட்டாசியம் ஏறும், நெஞ்சுல தண்ணி கோத்துக்கும்னு எனக்கு தெரிஞ்ச அளவுக்கு உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சும் அப்படி தோணுதுன்னா அது சோம்பேறித்தனமும் இல்ல கோழைத்தனமும் இல்ல, டிப்ரஷனா இருக்கலாம். எனக்கும் மூணாவது வருஷம் வந்துச்சு. இன்னிக்கு ராத்திரியே வீட்ல சொல்லிடுங்க, அடுத்த தடவ போறப்ப கிட்னி டாக்டர்கிட்ட எனக்கு எழுதின அதே வார்த்தையில சொல்லுங்க, மழுப்பாதீங்க. நடுராத்திரி தோணுச்சுன்னா 14416, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், காசு கெடயாது, தமிழ்லயே பேசலாம்.

நான் எட்டு மாசம் வாய தொறக்கல. டயாலிசிஸ் முடிஞ்சு வந்தாலே கரும்பு மிஷின்ல விட்டு எடுத்த சக்கை மாதிரிதான இருக்கும், பசி இல்ல தூக்கம் இல்ல எது மேலயும் புடிப்பு இல்ல, எல்லாத்தையும் கிட்னி கணக்குலயே எழுதிட்டேன். ரத்தம் கம்மியா இருந்தாலும் இப்படித்தான் இருக்கும்னு ஊசி போட்டாங்க, ஹீமோகுளோபின் ஏறுச்சு, நான் ஏறல. அப்புறம் ஒரு டாக்டரம்மா "டயாலிசிஸ் இல்லாத நாள்ல என்ன பண்ணுவீங்க"ன்னு சும்மா கேட்டாங்க. யோசிச்சு பாத்தா ஃபேன பாத்துட்டு படுத்திருந்தது மட்டும்தான் ஞாபகம் வருது. மனநல டாக்டர்கிட்ட அனுப்புனாங்க. நீங்க போனா டயாலிசிஸ்ல இருக்கேன்னு எடுத்தவுடனே சொல்லிடுங்க, சில மாத்திரைக்கு அளவ மாத்தித்தான் குடுப்பாங்க. எனக்கு மாத்திரை வேலை செய்ய ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, நடுவுல ரெண்டு தடவ தூக்கிப் போட பாத்தேன்.

ஃபோன் விஷயம். எனக்கு இந்த ஒதுங்குறது எங்க ஆரம்பிச்சுதுன்னு பாத்தா தண்ணில. எனக்கு குடிக்க அனுமதி ஒரு நாளைக்கு 700 மில்லிதான், மோரு ரசம் எல்லாம் சேத்து, காலைல ஒரு பாட்டில்ல அளந்து ஊத்தி வெச்சுக்குவேன். யார் வீட்டுக்கு போனாலும் வாசல்லயே ஒரு செம்பு தண்ணி வரும், வேணாம்னா மூஞ்சி மாறும், இன்னும் பாசக்காரங்களா இருந்தா கிட்னிக்கு நல்லதுன்னு இளநியே வெட்டிடுவாங்க, அந்த பொட்டாசியம் நமக்கு என்ன பண்ணும்னு நின்னு பாடம் எடுக்கணும். எடுத்து எடுத்து சலிச்சுப் போயி போறதையே விட்டேன். நம்ம ஊர்ல பாசம்னாலே கையில ஒரு டம்ளர குடுக்கிறதுதான, அத வாங்க முடியாதவன் எங்க போய் உக்காருவான்?

ஒருத்தன் மட்டும் விடல. எப்படி இருக்கன்னு கேக்கவே மாட்டான், "இந்த தடவ எத்தன கிலோ ஏத்திட்டு வந்த"ன்னு கேப்பான், ரெண்டு டயாலிசிஸுக்கு நடுவுல உடம்புல சேர்ற தண்ணி எடையத்தான், மூணுன்னா அசிங்கமா திட்டுவான். அவனுக்கு ஒரு வேலை குடுத்தேன், டயாலிசிஸ் நடக்கிற அந்த நாலு மணி நேரத்துல ஃபோன் பண்ணணும், ஊசி குத்துறதுக்காக ரத்தக்குழாய இணைச்சு வெச்ச ஃபிஸ்டுலா கைய அசைக்க முடியாது, இன்னொரு கை சும்மாதான கெடக்குது. உங்க ஆளுங்கள்ல ஒருத்தருக்கு இப்படி ஏதாவது ஒண்ண ஒப்படைங்க, வண்டில கூட்டிட்டு வர்றதோ எதுவோ. எப்படி இருக்கன்னு கேட்டா "பொட்டாசியம் 5.2"ன்னு சொல்லிட்டு அடுத்த பேச்சுக்கு போயிடுங்க.

வீட்ல பேச்சு கொறஞ்சதுக்கு எனக்கு வைத்தியம் தெரியாது. எங்க வீட்ல அவளும் என்னோட சேந்து உப்பில்லாத குழம்பையே சாப்ட்டுட்டு இருந்தாங்கிறத நான் கவனிக்கவே ஒரு வருஷம் ஆச்சு.

தாங்குறேனான்னு கேட்டா, வெயில் காலத்துல இல்ல. சித்திரையில ஒரு ஐஸ் துண்ட வாயில போட்டுக்கிட்டு யார்கிட்டயும் பேசாம உக்காந்திருப்பேன், இப்பவும்.

எனக்கும் செவ்வாய் வியாழன் சனிதான், காலைல ஆறு மணி ஷிஃப்ட். நம்பர் தனியா அனுப்பிருக்கேன். ஏழுக்கு மேல பண்ணுங்க, ஊசி குத்தி முடிச்சிருப்பாங்க.