ஒட்டியதும் உயிர் போன மேற்கோள்கள்

கேள்வி: லிப்ரே ஆபீஸில் எழுதிய அத்தியாயத்தை வேர்டு ஆய்வேட்டில் ஒட்டினேன். ஜோடெரோ (நூற்குறிப்புகளைச் சேமித்து மேற்கோள் இடும் செயலி) மேற்கோள்கள் வெறும் எழுத்தாகிவிட்டன. ஏன்?
– ஆய்வு மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: மேற்கோள் என்பது '(2019, ப. 14)' என்ற எழுத்து மட்டுமல்ல, அடியில் ஒரு குறியீடு ஒளிந்திருக்கிறது. செயலி மாறி ஒட்டும்போது அது உதிர்ந்துவிடும். லிப்ரே ஆபீஸ் கோப்பின் நகலைத் திறந்து (மூலத்தைத் தொடாதீர்கள்!), ஜோடெரோவின் 'டாக்குமென்ட் பிரிஃபரன்சஸ்' போய், வேறு செயலிக்கு மாற்றும் பொத்தானை அழுத்துங்கள். மேற்கோள்கள் நீளமான இணைப்புகளாகத் தெரியும், பயப்பட வேண்டாம். சேமித்து, வேர்டில் திறந்து, ஜோடெரோவின் 'ரெஃப்ரெஷ்' கொடுங்கள்.

இனி வேர்டிலிருந்து வேர்டுக்குச் சாதாரணமாக ஒட்டலாம். வெறும் எழுத்தாக ஒட்டும் 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' முறை மட்டும் கூடவே கூடாது. நூற்பட்டியலை விட்டுவிட்டு அத்தியாயத்தை ஒட்டி, மறுபடி ரெஃப்ரெஷ். ஆல்ட்+எஃப்9 தட்டினால் 'ஜோடெரோ' என்ற குறியீடு தெரிகிறதா? உயிர் இருக்கிறது.