ஃப்ரைஸ், நக்கெட்ஸ், நூடுல்ஸ் தவிர எதையும் தொடாத, பேச்சும் லேட்டான குழந்தைங்க: கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம். நான் மதுரைல ஸ்பீச் தெரபிஸ்ட், 14 வருஷமா சின்னக் குழந்தைங்களோடதான் வேலை. பேச்சும் லேட், சாப்பாட்டுலயும் அடம்னு இருக்கற குழந்தைங்களைப் பத்தி கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய வந்திருக்கு, ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்துட்டேன்.

கேள்வி (கோயம்புத்தூர், ஒரு அம்மா): மேடம், பையனுக்கு 2 வயசு 10 மாசம். ஆறு ஏழு வார்த்தைதான் சொல்றான். ஃப்ரைஸ், சிக்கன் நக்கெட்ஸ், நூடுல்ஸ், பால், அவ்ளோதான் சாப்பாடு. கண்டதையும் வாங்கிக் குடுத்துதான் பேச்சு வரலன்னு மாமியார் சொல்றாங்க. நிஜமாவா?

பதில்: இல்லம்மா. ஃப்ரைஸ் சாப்பிட்டதால பேச்சு நின்னு போச்சுன்னு சொல்ல எந்த ஆதாரமும் இல்ல, அந்தப் பழியை நீங்க சுமக்காதீங்க. பெரும்பாலும் ரெண்டுக்கும் வேர் ஒண்ணா இருக்கும். வாசனை, தொடு உணர்வு, சத்தம் இதெல்லாம் சில குழந்தைங்களுக்கு ரொம்ப தூக்கலா தெரியும். ஃப்ரைஸை யோசிச்சுப் பாருங்க, இன்னிக்கு வாங்கினாலும் அடுத்த மாசம் வாங்கினாலும் அதே நிறம், அதே மொறுமொறுப்பு, உள்ள என்ன இருக்கும்னு பயமே வேண்டாம். நம்ம சாம்பார் சாதம் அப்படியா? ஒரு வாய்ல முருங்கைக்காய், அடுத்த வாய்ல தக்காளித் தோல், நடுவுல ஒரு கடுகு. "இது என்ன"ன்னு கேக்க வார்த்தை இல்லாத குழந்தை, தெரிஞ்சதையே கெட்டியா பிடிச்சுக்கும்.

ஆனா சத்து விஷயத்துல அலட்சியம் வேண்டாம். இரும்புச்சத்து குறைஞ்சா பசியும் போகும், மூளை வளர்ச்சியும் பாதிக்கும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுல 6 மாசத்துல இருந்து 5 வயசு வரைக்கும் உள்ள நம்ம நாட்டுக் குழந்தைங்கள்ல நூத்துக்கு 67 பேருக்கு ரத்தசோகை, அதனால ஒரு தடவை ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க. பால் ஒரு நாளைக்கு அரை லிட்டர் தாண்டுதான்னும் பாருங்க, வயித்தை பாலே நிரப்பிட்டா சாப்பாட்டுக்கு இடம் ஏது. அதைவிட முக்கியம் காது. கூப்பிட்டா திரும்பறான், டிவி சத்தத்துக்கு ஓடி வர்றான்னு வீட்ல சொல்றதை வச்சு காது சரின்னு முடிவு பண்ணக்கூடாது, பேச்சு லேட்டான எந்தக் குழந்தைக்கும் முதல் வேலை முறையான காது டெஸ்ட்தான்.

கேள்வி (சென்னை, ஒரு அப்பா): ரெண்டு நாள் எதுவும் வாங்கித் தராம விட்டா பசில தானா இட்லி சாப்பிடுவான்னு ஃப்ரெண்ட் சொல்றார். செய்யலாமா?

பதில்: தயவுசெஞ்சு செய்யாதீங்க சார். சாதாரணமா அடம் பிடிக்கற குழந்தை வேற, பசில வயிறு சுருண்டாலும் புது சாப்பாட்டை தொட முடியாத குழந்தை வேற. ரெண்டாவது வகைக் குழந்தை பட்டினியே கிடக்கும், தண்ணி சத்து இறங்கி டிரிப்ஸ் ஏத்தற நிலைமைக்கு வந்த குழந்தைங்களை நானே பாத்திருக்கேன். பிடிச்சதுல இருந்து பாலம் போடுங்க. நூடுல்ஸ் பிடிக்கும்னா மசாலாப் பொடியை கொஞ்சம் கொஞ்சமா குறைங்க, அப்பறம் அதே பொடி வாசனைல சேமியா, அது பழகினதும் இடியாப்பம். ஃப்ரைஸ்னா வீட்லயே அதே சைஸ்ல மெல்லிசா வெட்டி பொரிங்க, பிறகு கொஞ்சம் தடிமனா, பிறகு உருளைக்கிழங்கு வறுவல், அப்பறம் அதே ஷேப்ல சேனை. ஒரு தடவைக்கு ஒரு மாத்தம்தான், நிறத்தையும் ருசியையும் ஒரே நாள்ல மாத்தினா பழைய சாப்பாட்டையும் சேர்த்து ஒதுக்கிடுவான். நூடுல்ஸ்குள்ள கேரட்டை மசிச்சு ஒளிச்சு வைக்கற வேலையும் வேண்டாம், கண்டுபிடிச்சான்னா நூடுல்ஸ் மேலயே நம்பிக்கை போயிடும். தட்டுல எப்பவும் அவனுக்கு தெரிஞ்சது ஒண்ணு இருக்கட்டும், பக்கத்துல புதுசு அரை ஸ்பூன். தொடலைனாலும் பரவாயில்ல. பத்து பதினஞ்சு தடவை கண்ல பட்ட பிறகுதான் நிறைய குழந்தைங்க வாய்ல வைக்கும், நம்ம வீடுகள்ல மூணாவது தடவையே "இவனுக்கு இது பிடிக்காது"ன்னு எழுதி வச்சிடறோம்.

கேள்வி (சேலம்): அக்கா, போன்ல ரைம்ஸ் போட்டாதான் வாயே திறக்கறா. வேற வழியே இல்ல.

பதில்: உன் கஷ்டம் புரியுதுமா, ஒரு மணி நேரம் தட்டைத் தூக்கிட்டு பின்னாடி ஓடினவங்களுக்குதான் அது தெரியும். ஆனா இந்தக் கேள்வி பதில்ல ஒரே ஒரு விஷயம்தான் எடுத்துக்கணும்னா இதை எடுத்துக்கோ. ஒரு குழந்தைக்கு "குடு", "இன்னும்", "போதும்", "வேணாம்"னு சொல்ல நிஜமான காரணம் இருக்கற நேரம் சாப்பாட்டு நேரம், அதுவும் ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை வருது. என் ரூம்ல வாரத்துக்கு ரெண்டு தடவை 45 நிமிஷம் நான் என்ன விளையாட்டு காட்டினாலும் அதுக்கு ஈடாகாது. கண்ணு போன்ல இருந்தா அவ உன் முகத்தைப் பாக்க மாட்டா, உன் வாய் அசையறதைப் பாக்க மாட்டா, வயிறு நிறைஞ்சதுகூட அவளுக்குத் தெரியாது. 2 முதல் 4 வயசு வரை முழு நாளுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்கிரீன் வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, ஆனா பல வீட்ல சாப்பாட்டுக்கு மட்டுமே அதைத் தாண்டிடுது. ஒரே நாள்ல பிடுங்காதே. அவளுக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு இருக்கற வேளைல, அதாவது உங்க வீட்டு நூடுல்ஸ் வேளைல, முதல்ல அஞ்சு நிமிஷம் போன் இல்லாம ஆரம்பி. சைடு டிஷ்ஷா அறிவுரை வேண்டாம், "சூடு... ஊது"ன்னு ஊதி காட்டு, அது போதும்.

கேள்வி (திருச்சி): "ஃப்ரைஸ்"னு சொன்னாதான் தருவேன்னு பிடிவாதமா இருந்தா பேச்சு வருமா?

பதில்: வராது, அழுகைதான் வரும். சொல்ல முடியாததாலதான் சொல்லல. இப்படி பண்ணுங்க: மொத்தப் பொட்டலத்தையும் முன்னாடி வைக்காம ரெண்டு மூணு ஃப்ரைஸ் மட்டும் தட்டுல வைங்க. தீர்ந்ததும் மனசுக்குள்ள பத்து எண்ணிட்டு அமைதியா அவன் முகத்தைப் பாருங்க. கை நீட்டினான், உங்க கையை இழுத்தான், "ஆ"ன்னான், எதுவா இருந்தாலும் அது பேச்சுதான், உடனே "இன்னும்! இந்தா இன்னும்"னு சொல்லிக்கிட்டே குடுத்துடுங்க. எதுவுமே பண்ணலைனாலும் நீங்களே வார்த்தையை சொல்லி குடுத்துடுங்க. அதே மாதிரி தலையைத் திருப்பினா "வேணாம்... சரி வேணாம்"னு ஸ்பூனை எடுத்துடணும். "வேணாம்" மதிக்கப்படுதுன்னு தெரிஞ்ச குழந்தைதான் அதை சொல்லப் பழகும், வாயைப் பிடிச்சு திணிச்ச குழந்தை தட்டிவிடத்தான் பழகும்.

கேள்வி (ஷார்ஜா): நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், வாரத்துல மூணு நாள் ஃபுட் கோர்ட்தான். குற்ற உணர்ச்சியா இருக்கு.

பதில்: வீட்டு சாப்பாடுதான் நல்லது, உப்பும் எண்ணெயும் குறையும். மூணு நாளை ஒரு நாளா குறைக்கப் பாருங்க. போற நாளை வீணாக்காதீங்க. பேச்சு வராத குழந்தைகூட கடை லோகோவை தூரத்துல இருந்தே கண்டுபிடிச்சு குதிக்குமே, அது படத்தைப் பாத்து பொருளைப் புரிஞ்சுக்கற திறமை. மெனுல ரெண்டு படத்தைக் காட்டி "ஃப்ரைஸா? சோளமா?"ன்னு விரல் வச்சு காட்ட விடுங்க. காலி பெட்டி மூடியை வெட்டி வீட்ல அட்டையா வச்சுக்கலாம், படத்தை எடுத்துக் குடுத்து கேக்கப் பழகினா பேச்சு நின்னுடும்னு பயப்பட வேண்டாம், அது பேச்சுக்கு உதவிதான் பண்ணும்.

கேள்வி (திருநெல்வேலி): பேத்திக்கு நாக்குல வசம்பு தேய்ச்சா, கிளி கொத்தின கொய்யா குடுத்தா பேச்சு வரும்ங்காங்க, குடுக்கலாமாம்மா?

பதில்: வேண்டாம் பாட்டிம்மா. கொய்யாப்பழம் நல்லா கழுவிக் குடுங்க, கிளி கொத்தினது வேண்டாம். வசம்பை நாக்குல வைக்கவே கூடாது, அதுல பீட்டா அசரோன்னு ஒரு பொருள் இருக்கு, அந்த ஆபத்தாலதான் அமெரிக்கால 1968லயே சாப்பாட்டுல சேர்க்கக் கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க. நீங்க பக்கத்துல உக்காந்து ஒரு வாய் ஊட்டி ஒரு கதை சொன்னா அதுக்கு மேல மருந்து இல்ல.

கேள்வி (ஈரோடு): கடினமானதை மென்னா வாய் தசை பலமாகி பேச்சு வருமா?

பதில்: மெல்லப் பழகறது சாப்பிடறதுக்கு நல்லது. ஆனா மெல்றதும் ஊதறதும் பேச்சைக் கொண்டு வரும்னு உறுதியான ஆதாரம் இல்ல. முறுக்கைக் குடுத்து வார்த்தைக்கு காத்திருக்காதீங்க. 4 வயசுக்குள்ள முழு வேர்க்கடலை, பாப்கார்ன், முழு திராட்சை குடுக்காதீங்க, தொண்டைல சிக்கிடும்.

கேள்வி (பலர்): எப்ப டாக்டர்கிட்ட போகணும், செலவு இல்லாம எங்க காட்டலாம்?

பதில்: எடை ஏறல, சாப்பிடற ஐட்டம் இருபதுக்குள்ள இருக்கு, அதுலயும் ஒவ்வொண்ணா குறையுது, புது சாப்பாட்டைப் பாத்தாலே ஓங்கரிக்குது, விழுங்கும்போது இருமல், நாள்கணக்கா மலச்சிக்கல், இதுல எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். இங்கிலாந்துல பிரிஸ்டல்ல ஃப்ரைஸ், சிப்ஸ், வெள்ளை பிரெட்னே வருஷக்கணக்கா சாப்பிட்ட 17 வயசுப் பையனுக்கு பார்வையே போன கேஸ் 2019ல வெளிவந்தது, அவன் எடையெல்லாம் நார்மலாத்தான் இருந்தான். ஏற்கனவே சொன்ன வார்த்தைகளை குழந்தை மறந்தாலும், ரெண்டு வயசு முடிஞ்சும் "அம்மா வா" மாதிரி ரெண்டு வார்த்தை சேரலைனாலும் அந்த வாரமே போயிடுங்க. மாவட்ட அளவுல இருக்கற அரசு ஆரம்பநிலை இடையீட்டு மையத்துல குழந்தை டாக்டர், காது டெஸ்ட், ஸ்பீச் தெரபி எல்லாம் இலவசம், அங்கன்வாடில கேட்டாலே வழி சொல்லுவாங்க. போகும்போது மூணு நாள் குழந்தை சாப்பிட்டது குடிச்சது எல்லாத்தையும், ஒரு பிஸ்கட் விடாம, ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, சொல்ற வார்த்தைகளையும் அதே தாள்ல பின்பக்கம் எழுதிடுங்க.