மகளுக்கு மேக்கா, விண்டோஸா? மாமா லினக்ஸ் என்கிறார்!

கேள்வி: என் மகள் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்கிறாள். அவளுக்கு லேப்டாப் வாங்க வேண்டும். அவளோ மேக்தான் வேண்டும் என்கிறாள். என் தம்பி, "இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போடு, காசாவது மிஞ்சும்" என்கிறான். கடைக்காரர் விண்டோஸைத் தவிர வேறு எதையும் காட்டவே இல்லை. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூவரையும் விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைக் கேளுங்கள். மெக்கானிக்கல் என்று எழுதியிருப்பதால் பாதி வேலை முடிந்தது. அந்தத் துறையில் பரவலாகக் கற்றுத்தரும் வடிவமைப்பு மென்பொருளான சாலிட்வொர்க்ஸ் விண்டோஸுக்கு மட்டுமே வருகிறது. வரைபடம் போடும் ஆட்டோகேடுக்கு மேக் பதிப்பு உண்டு, ஆனால் விண்டோஸ் பதிப்பில் இருப்பதெல்லாம் அதில் இருக்காது. கணக்கீட்டுக்கான மேட்லேப், நிரல் எழுதும் பைத்தான் இரண்டும் எதிலும் ஓடும். ஆகவே உங்கள் மகளுக்கு விண்டோஸ். இதே கேள்வியைக் கணினி அறிவியல் மாணவி கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். ஐபோன் செயலி எழுத வேண்டும் என்றால் ஆப்பிளின் எக்ஸ்கோட் என்ற மென்பொருள் வேண்டும், அது மேக்கில் மட்டும்தான்.

"மேக்கிலேயே விண்டோஸையும் போட்டுக்கொள்ளலாமே" என்று யாராவது சொல்வார்கள். அது பழைய கதை. இன்டெல் ப்ராசஸர் இருந்த காலத்தில் ஆப்பிளின் பூட் கேம்ப் என்ற வசதி வழியாக அப்படிச் செய்ய முடிந்தது. 2020 இறுதியில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்புக்கு மாறியதும் அந்த வழி அடைபட்டது. இப்போது பேரலல்ஸ் போன்ற மென்பொருளுக்குள் விண்டோஸை ஓட்டலாம், ஆனால் அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அப்படியும் கனமான வடிவமைப்பு மென்பொருள் அதில் ஒழுங்காக ஓடும் என்று நம்பி இறங்க முடியாது.

தம்பியின் யோசனையை நான் ஒதுக்கவில்லை. என் பழைய லேப்டாப்பில் பல வருடங்களாக உபுண்டு என்ற லினக்ஸ் வகைதான் ஓடுகிறது. ஆனால் கல்லூரியில் இரண்டு இடங்களில் இடிக்கும். ஒன்று, தேர்வு. ஆன்லைன் தேர்வின்போது மற்ற எல்லாவற்றையும் பூட்டிவிடும் உலாவிகள் இருக்கின்றன. சேஃப் எக்ஸாம் பிரவுசர், லாக்டவுன் பிரவுசர் இரண்டுக்குமே லினக்ஸ் பதிப்பு கிடையாது. லினக்ஸுக்குள் விண்டோஸை ஓட்டி ஏமாற்றலாம் என்றால் லாக்டவுன் பிரவுசர் அதையும் கண்டுபிடித்துத் திறக்க மறுத்துவிடும். இன்னொன்று, நான்கு பேர் சேர்ந்து எழுதும் புராஜெக்ட் ரிப்போர்ட். மற்ற மூவரும் வேர்டில் எழுதுவார்கள், இவள் லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆஃபீஸில் திறப்பாள். எழுத்து எல்லாம் வந்துவிடும். ஆனால் மூன்றாம் பக்கத்துப் படம் நான்காம் பக்கத்துக்குத் தாவியிருக்கும், அதன் தலைப்பு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். சரிசெய்து அனுப்பினால் அங்கே வேறொன்று நகரும். சமர்ப்பிக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு இந்த விளையாட்டு வேண்டாம்.

மகளுக்கு லினக்ஸில் ஆர்வம் வந்தால் விண்டோஸுக்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் என்ற வசதி இருக்கிறது. அதில் உபுண்டுவை நிறுவிக் கட்டளை வரியில் பழகலாம். தம்பியும் சமாதானமாகிவிடுவார்.

அப்புறம் ஒன்று: பில் போடும்போது ஆஃபீஸையும் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். பொறுங்கள். பல கல்லூரிகளில் மாணவர் மின்னஞ்சல் முகவரி கிடைத்ததும் ஆஃபீஸும் இலவசமாகக் கிடைத்துவிடும். சாலிட்வொர்க்ஸ் மாணவர் உரிமத்தையும் முதலில் கல்லூரியிலேயே விசாரியுங்கள்.

கேள்வி: புது லேப்டாப்பில் பாடத்துக்கான மென்பொருளை இன்ஸ்டால் செய்யப் போனால், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருப்பதை மட்டுமே நிறுவ முடியும் என்று சொல்லி நிறுத்திவிடுகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. உங்கள் லேப்டாப்பில் விண்டோஸ் 'எஸ் மோட்' நிலையில் இருக்கிறது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதிக்குப் போனால் அதிலிருந்து வெளியேற வழி இருக்கும். காசு கேட்காது. ஒருமுறை வெளியேறினால் திரும்ப முடியாது, ஆனால் திரும்ப வேண்டிய அவசியமும் உங்களுக்கு வராது.

வெளியேறும் முன் ப்ராசஸரின் பெயரைப் பாருங்கள். ஸ்னாப்டிராகன் என்று இருந்தால் அது இன்டெல், ஏஎம்டியிலிருந்து மாறுபட்ட ஆர்ம் வகை. பேட்டரி நன்றாக நிற்கும், சாதாரண மென்பொருள்களும் ஓடிவிடும். ஆய்வகக் கருவிகளை இணைக்கும்போதுதான் சிக்கல். கருவியைக் கணினியோடு பேச வைக்கும் டிரைவர் ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும், பழைய கருவிகளுக்கு அப்படி யாரும் எழுதி வைத்திருப்பதில்லை. பொறியியல் மாணவர் என்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மாற்றிக்கொள்வதே நல்லது.

கேள்வி: அண்ணன் பயன்படுத்திய விண்டோஸ் 10 லேப்டாப் வீட்டில் சும்மா கிடக்கிறது. நான் இலக்கியம் படிக்கப் போகிறேன். போதுமா, புதிது வாங்க வேண்டுமா?

பதில்: போதும். ஆனால் அப்படியே பயன்படுத்தக் கூடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட்கள், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் தரும் 'பிசி ஹெல்த் செக்' நிரலை ஓட்டி, விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா என்று பாருங்கள். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸர் வேண்டும். தேறினால் இலவசமாகவே மாறிக்கொள்ளலாம்.

தேறாவிட்டால் லினக்ஸ் மின்ட் போடுங்கள். வாசிப்பதும் எழுதுவதும்தான் உங்கள் வேலை, தேர்வுக்கும் பூட்டும் உலாவி கேட்கமாட்டார்கள் என்றால் லினக்ஸ் கச்சிதம். நிறுவும் முன் 8 ஜிபி பென் டிரைவிலிருந்தே அதை ஓட்டிப் பார்க்கலாம், லேப்டாப்பின் உள்ளே இருக்கும் எதுவும் அழியாது. வைஃபை பிடிக்கிறதா, கேமரா வேலை செய்கிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று ஒரு மணி நேரம் சோதியுங்கள்.

கேள்வி: மலிவாகக் கிடைக்கிறதே, கூகுளின் மென்பொருளில் ஓடும் குரோம்புக் வாங்கலாமா?

பதில்: எல்லாம் உலாவியிலேயே நடக்கும் படிப்பு என்றால் வாங்கலாம். கூகுள் பத்து ஆண்டுகள் அப்டேட் தருவதாக 2023-இல் அறிவித்தது. அந்தப் பத்தாண்டு, நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல, அந்த வகை வன்பொருள் முதலில் வெளிவந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். தள்ளுபடியில் கிடக்கும் பழைய மாடலுக்குக் கொஞ்ச வருடமே மிச்சம் இருக்கலாம். மாடல் பெயரை வைத்துத் தேடினால் முடியும் தேதி கிடைக்கும். அது உங்கள் படிப்பு முடிவதற்கு முன்னால் வருகிறதென்றால் அந்தத் தள்ளுபடி வேண்டாம்.