டீச்சரைக் கேளுங்கள்: பிரான்ஸ் கிராமத்து வெயில்

போன இதழில் பேச்சுவாக்கில் "மகள் ஊரில் நாலு கோடை இருந்துவிட்டு வந்தேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன், வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். சரி, இந்தத் தடவை முழுக்க அதற்கே. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கிராமம்: தென்மேற்கில், போர்தோவுக்கும் துலூஸுக்கும் நடுவே, கரோன் ஆற்றுக்குக் கூப்பிடு தூரத்தில். பாரிஸைப் பற்றிக் கேட்டால் விமான நிலையத்துக் காபி விலை மட்டும்தான் சொல்ல முடியும்.

கும்பகோணம் வாசகி: தங்கை மகள் பிரசவத்துக்குத் துணையாக ஜூலையில் பிரான்ஸ் போகிறேன், டீச்சர். கிராமம்தான். ஸ்வெட்டர் இல்லாமல் போகாதே என்கிறார் ஒருவர், அங்கே வெயிலில் ஜனங்கள் செத்துப்போகிறார்கள் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரையும் நம்புங்கள். இரண்டுமே ஒரே வாரத்தில் நடக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகள் வீட்டில் 38 டிகிரி. தோட்டத்தில் மேசை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம், ஒரு இலை அசையவில்லை. எட்டு மணி வாக்கில் மேற்கே வானம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி, எண்பது வயசு இருக்கும், பழைய கம்பளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து தன் கார் மேல் போர்த்தினார். காருக்குக் குளிருமா என்று நான் சிரித்தேன். ஐந்து நிமிஷத்தில் ஆலங்கட்டி மழை. சுண்டைக்காய் அளவில் ஆரம்பித்து நெல்லிக்காய் அளவுக்கு வந்தது, தகரக் கொட்டகை மேல் விழுந்த சத்தத்தில் பேத்தி அழுததே காதில் விழவில்லை. எங்கள் காரின் கூரை முழுக்க அம்மை வடு. மறுநாள் காலை 16 டிகிரி, நான் சால்வையும் சாக்ஸுமாக அடுப்படியில் நிற்கிறேன்.

நம்ம ஊர் வெயில் பங்குனியில் பிடித்தால் ஆவணி வரை விடாது, உடம்பும் போகப்போகப் பழகிக்கொள்ளும். அங்கே நாலு நாள் கொளுத்தும், ஒரு இடி இடிக்கும், நாலு நாள் குளிரும், திரும்பவும் கொளுத்தும். பழகுவதற்கு அவகாசமே தராது.

செத்துப்போவது நிஜம்தான். 2003 ஆகஸ்ட் வெயிலில் பிரான்சில் மட்டும் சுமார் 15,000 பேர் போனார்கள். பெரும்பாலும் வயசானவர்கள், அதிலும் தனியாக இருந்தவர்கள்; ஆகஸ்ட் என்றால் அந்த நாடே லீவு போட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போகிற மாதம், எட்டிப்பார்க்க ஆள் இல்லை. அதற்கப்புறம்தான் அரசாங்கம் முழித்துக்கொண்டது. இப்போது மேரியில் (காரைக்கால்காரர்களுக்கு மேரி என்றால் விளக்க வேண்டாம், மற்றவர்களுக்கு: ஊராட்சி அலுவலகம் மாதிரி) ஒரு பதிவேடு உண்டு. தனியாக இருக்கிற முதியவர்கள் பேர் கொடுத்து வைத்தால், வானிலை இலாகா ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை போடும் நாட்களில் போன் பண்ணி விசாரிப்பார்கள். நம்ம பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் போன் வரும். "செத்துட்டேனான்னு கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் போனுக்காகக் காலையிலிருந்தே வாசல் பக்கம் போகாமல் காத்திருப்பார்.

நீங்கள் கவனமாக இருக்க வேண்டியது கடிகாரத்திடம். கோடையில் அவர்கள் மணியை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள், தென்மேற்கு வேறு நாட்டின் மேற்கு ஓரம், ஆகவே அங்கே சூரியன் உச்சிக்கு வருவதே மதியம் 2 மணிக்கு. வெயிலின் உச்சம் சாயங்காலம் ஐந்து, ஐந்தரை. நம்ம வழக்கப்படி "நாலு மணி ஆச்சே, வெயில் தாழ்ந்திருக்கும்" என்று குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன் ஒரு நாள். தேவாலயத்துத் திருப்பம் வரைக்கும்தான் போக முடிந்தது. இருட்டவே பத்து மணி ஆகும், எட்டரைக்கு மேல் போங்கள். ஸ்வெட்டர் ஒன்று போதும், ஆனால் அது இல்லாமல் போகாதீர்கள்.

மயிலாடுதுறை வாசகர்: அங்கே வீடுகளில் ஏசி கிடையாது, ஃபேன் கூட இல்லை என்கிறார்களே, எப்படித் தூங்குகிறார்கள்?

பதில்: இதில்தான் நான் முட்டாளானேன். முதல் வருஷம், பதினோரு மணிக்கு வெயில் ஏற ஏற, வீட்டு ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தேன், காற்று வரட்டும் என்று. பாட்டி பதறிப்போய் வந்து கதவைத் தட்டினார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், ஜன்னலுக்கு வெளியே இருக்கிற மரக்கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்தினார். இதை வொலே என்பார்கள், புதுச்சேரியில் வெள்ளைக்காரத் தெருவில் பார்த்திருப்பீர்கள்.

விஷயம் இதுதான். அந்தப் பக்கம் ராத்திரி 18 டிகிரிக்கு இறங்கும். வீட்டுச் சுவர் அரை மீட்டர் தடிமன் கருங்கல். ராத்திரி பூரா எல்லாவற்றையும் திறந்துவிட்டால் கல் அந்தக் குளிரைக் குடித்து வைத்துக்கொள்ளும். காலை எட்டு மணிக்கு மூடினால் சாயங்காலம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். வெளியே 37, உள்ளே 25, பானைத் தண்ணீர் மாதிரி. வீடு பகல் பூரா இருட்டாக இருக்கும், துஷ்டி வீடு போல, அது ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. காரைக்காலில் இதைச் செய்து பார்த்தேன், வெந்துபோனேன். நம்ம ராத்திரியே 28 டிகிரி, அதில் சுவர் எதைக் குடிக்கும்? நமக்குக் கடல்காற்றும் திறந்த ஜன்னலும்தான். இதே தந்திரம் அங்கேயும் ஏழு நாள் தொடர்ந்து வெயில் அடித்தால் தோற்றுவிடும், கல்லே சூடேறிவிடும், அப்புறம் பாட்டியும் ஃபேன் வாங்கத்தான் போவார். கடையில் அன்றைக்கு ஃபேன் தீர்ந்திருக்கும்.

ஏசி இப்போது கிராமத்திலும் வர ஆரம்பித்துவிட்டது. மருமகன் பேச்சைத் தொடங்கினார், மகள் மின்கட்டணத்தைக் காட்டினாள், பேச்சு நின்றது.

மன்னார்குடி விவசாயி: எங்களுக்கு ஜூன் 12 மேட்டூர் திறந்தால்தான் குறுவை. அவர்களுக்கு என்ன கணக்கு? தண்ணீர்ப் பிரச்சினை உண்டா?

பதில்: உண்டு ஐயா, சண்டையும் உண்டு. கோடையில் மழை பொய்த்தால் பிரெஃபே, அதாவது அவர்களுடைய கலெக்டர், உத்தரவு போடுவார். நாலு படி: கவனம், எச்சரிக்கை, கடும் எச்சரிக்கை, நெருக்கடி. படி ஏற ஏற தோட்டத்துக்கு ஊற்றாதே, கார் கழுவாதே, நீச்சல் குளம் நிரப்பாதே என்று வரும், அப்புறம் வயலுக்கு இறைப்பதிலும் கை வைப்பார்கள். மக்காச்சோளக் காட்டுக்காரர்கள்தான் அதிகம் இறைப்பவர்கள், எனவே திட்டும் அவர்களுக்குத்தான் அதிகம். கடைமடைக்காரன் கோபம் எல்லா ஊரிலும் ஒரே மொழிதான் பேசுகிறது. கரோன் ஆறு பைரனீஸ் மலையிலிருந்து வருகிறது, பனி உருகி முடிந்தால் இளைத்துவிடும். கரையிலேயே கோல்ஃபெக் என்று ஒரு அணுமின் நிலையம். ஆற்றுத் தண்ணீர் 28 டிகிரியை எட்டினால் அதையே நிறுத்தி வைக்கிறார்கள், 2025 கோடையில் அப்படி நிறுத்தினார்கள். ஆறு சுட்டால் கரண்டுக்கே இடைஞ்சல்.

கோதுமை அறுப்பு ஜூன் கடைசி, ஜூலை. அறுவடை இயந்திரத்தின் கத்தி ஒரு கல்லில் பட்டுப் பொறி பறந்தால் போதும், காய்ந்த தாள் பற்றிக்கொள்ளும். அதனால் கடும் வெயில் நாளில் மதியத்துக்கு மேல் அறுக்கக்கூடாது என்று சில மாவட்டங்களில் தடை போடுகிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு விளக்குப் போட்டுக்கொண்டு இயந்திரம் ஓடும், ஜன்னல் திறந்திருக்கிற நேரம் ஆயிற்றே, எனக்குத் தூக்கம் போச்சு. திருவாரூர்ப் பக்கம் அறுப்பு சீசனில் படுத்த மாதிரியே இருந்தது, கோபம் வரவில்லை.

எங்கள் ஊரின் பெருமை பிளம்ஸ் பழம், உலர்த்தி விற்பார்கள். ஆகஸ்ட் நடுவில் ஆரம்பித்து செப்டம்பர் வரை மரத்தை இயந்திரத்தால் பிடித்து உலுக்கி எடுப்பார்கள். வெயிலைவிட அந்தச் சம்சாரிகள் பயப்படுவது இரண்டுக்கு: பூவில் உறைபனி, காயில் ஆலங்கட்டி. 2021 ஏப்ரலில் உறைபனி விழுந்து திராட்சை, பழமரம் எல்லாம் நாசம். வசதி உள்ளவர்கள் தோப்பின் மேல் வலை கட்டுகிறார்கள், மற்றவர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள்.

மேட்டூர்த் தேதி கேட்டீர்களே, அவர்களுக்கும் ஒன்று உண்டு. ஜூன் 8, புனித மெதார் நாள். அன்று மழை பெய்தால் 40 நாள் பெய்யும் என்பார்கள். ஆனால் 11-ஆம் தேதி புனித பர்னபாஸ் வந்து அதை வெட்டிவிடுவாராம். மறுநாள் நமக்கு மேட்டூர். பாட்டியிடம் சொன்னேன், "உங்க ஊர்ல சாமிக்குப் பதிலா மந்திரியா?" என்றார்.

காரைக்கால் இளைஞர்: எங்கள் சொல்தா தாத்தா (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்) வெயிலைப் பார்த்தால் "கனிக்யூல்" என்பார். திட்டுகிறார் என்று நினைத்திருந்தேன்.

பதில்: இல்லை தம்பி, அது அனல்காற்றுக் காலத்துக்குப் பெயர். லத்தீனில் "குட்டி நாய்" என்று பொருள். சிரியஸ் என்கிற பெரிய விண்மீனை நாய் நட்சத்திரம் என்பார்கள். அது சூரியனோடு சேர்ந்து உதிக்கும் நாட்கள், பழைய கணக்கில் ஜூலை 24 முதல் ஆகஸ்ட் 24 வரை, கடும் வெயில் என்று வைத்தார்கள். நமக்குச் சித்திரைக் கடைசியிலிருந்து வைகாசி நடுவரை அக்னி நட்சத்திரம், அவர்களுக்கு நாய் நட்சத்திரம். இரண்டுமே இப்போது பஞ்சாங்கத்தை மதிப்பதில்லை. அந்த நாட்டின் உச்சபட்ச வெயில், 46 டிகிரி, அடித்தது 2019 ஜூன் 28, நாய் வருவதற்கு ஒரு மாதம் முன்னால்.

வேதாரண்யம் வாசகி: உண்மையைச் சொல்லுங்கள், எந்த வெயில் மோசம்?

பதில்: வெளியே நின்றால் நம்ம வெயில், வியர்வை காயாமல் நசநசக்கும். வீட்டுக்குள் தனியாக இருந்தால் அவர்கள் வெயில்.

திருவையாறு வாசகி: வெயிலுக்கு என்ன சாப்பிடுகிறார்கள்? மோர் உண்டா?

பதில்: அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள். தக்காளி, முலாம்பழம், ரொட்டி, சீஸ். குடிக்க சர்பத் மாதிரி சிரோ, தண்ணீர் கலந்து. தயிர் கிடைக்கிறது, யாவுர் என்று. நான் உப்பும் இஞ்சியும் போட்டு மோர் கடைந்து பாட்டிக்குக் கொடுத்தேன், முழுசாகக் குடித்துவிட்டு "இது எந்த வியாதிக்கு?" என்று கேட்டார். ஜூலையில் கூர்ஜெத் என்கிற காய், சுரைக்காய்க்குத் தங்கச்சி முறை, தோட்டத்துக்குத் தோட்டம் காய்த்துத் தள்ளும். ராத்திரியில் யாராவது உங்கள் வாசலில் நாலு வைத்துவிட்டுப் போவார்கள். பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு நன்றாக வரும். கடைக்குப் போவதென்றால் பன்னிரண்டு மணிக்குள் போங்கள், அப்புறம் சாத்திவிடுவார்கள்.

பாபநாசம் வாசகர்: கொசுவர்த்தி எடுத்துப் போகலாமா?

பதில்: தேவையில்லை, அங்கேயே விற்கிறார்கள். கோடுபோட்ட புலிக்கொசு, 2004-ல் இத்தாலி எல்லையோரத்தில் குடியேறி இப்போது நாட்டின் பெரும்பகுதியில் பரவிவிட்டது. டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் சுமக்கும், கடிப்பது பகலில். வாரம் ஒரு தடவை பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்தால் போதும். எங்கள் வீட்டில் அந்த வேலை பேத்திக்கு, தட்டுக்குப் பத்து சென்ட் கூலி. போன வாரம் போனில் பதினைந்தாக உயர்த்தச் சொல்லி என்னைச் சிபாரிசுக்குக் கூப்பிட்டாள்.