மொரிஷியஸில் அரசு வரம்பு மீறுகிறது என்று ஏன் சொல்கிறீர்கள்? ஆளுங்கட்சி பிடிக்காததாலா?

எந்தக் கட்சிக்கும் நான் கொடி பிடித்ததில்லை. நண்பர்கள் என்னைப் பழமைவாதி என்று கேலி செய்வார்கள், இருந்துவிட்டுப் போகிறேன். குடும்பத்தையும் கோவிலையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அரசு சாலையையும் நீதிமன்றத்தையும் ஒழுங்காக நடத்தட்டும் என்பதுதான் என் கட்சி.

2013இல் நவீன் ராம்கூலம் அரசு கைரேகை பதியும் புதிய அடையாள அட்டையைக் கொண்டுவந்தது. அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர், அப்போது எதிர்க்கட்சியில் இருந்த பிரவிந்த் ஜக்நாத். கைரேகையைக் கேட்கலாம், ஆனால் அதை அரசு சேமித்து வைத்துக்கொள்வது அரசியலமைப்புக்கு முரண் என்று 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்த ஜக்நாத்தே பிரதமராக இருந்தபோது, 2023 இறுதியில், நாட்டில் உள்ள சிம் அட்டைகளையெல்லாம் மறுபடியும் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. அடையாள அட்டை போதாது, முகத்தையும் படம் எடுக்க வேண்டுமாம். என் அத்தையை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "தாந்தின் (கிரியோல் மொழியில் அத்தை), மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேராகப் பாருங்கள்" என்றான் பையன். மரியாதையான பையன்தான். அத்தை முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்துக்குப் போனவர்களுக்கு அந்த முணுமுணுப்பு புரியும். இந்தியாவிலிருந்து வந்து ஒப்பந்தம் முடித்த கூலிகளும் புகைப்படம் ஒட்டிய சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 1867இல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். சீட்டு இல்லாமல் வெளியே போனவனை நாடோடி என்று பிடித்து அடைத்தார்கள். ஒழுங்கு, பாதுகாப்பு என்றுதான் அன்றும் காரணம் சொன்னார்கள்.

அடுத்தது 2024. அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்கள் முதலியோரின் தொலைபேசிப் பேச்சுகள் 'மிஸ்யே முஸ்தாஸ்' என்ற புனைபெயரில் இணையத்தில் கசிந்தன. ஒட்டுக்கேட்டது யார் என்று தெரிவதற்கு முன்பே, தேர்தலுக்குப் பத்து நாள்கூட இல்லாத நேரத்தில், நவம்பர் 11 வரை சமூக ஊடகங்களை முடக்க உத்தரவு பிறந்தது. திருடனை விட்டுவிட்டு ஊர்க்காரன் வாயைக் கட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாள் தடையை விலக்கினார்கள். அந்த மறுநாள் நவம்பர் 2, நம் முன்னோர் கூலிகளாக வந்து இறங்கியதை நினைவுகூரும் விடுமுறை நாள். யாரும் திட்டமிட்டதல்ல, ஆனாலும் எனக்கு உறுத்தியது.

நவம்பர் 10 தேர்தலில் பிரதான தீவின் 60 இடங்களையும் ராம்கூலம் அணி வாரிக்கொண்டது. தோற்ற கூட்டணிக்கு நாடாளுமன்றத்தில் உட்கார நாற்காலி கிடைத்ததே, தோற்றவர்களில் சிலருக்கும் இடம் தரும் 'பெஸ்ட் லூசர்' முறையின் புண்ணியம். ஆக, அட்டையைக் கொண்டுவந்தவர் மீண்டும் பிரதமர். அதை எதிர்த்து வழக்காடியவரின் ஆட்சியில் ஊடகத் தடை. இதில் எந்தக் கட்சியை நான் நம்ப வேண்டும்? நமக்குப் பிடித்தவர் கையில் கொடுத்த சாவி, பிடிக்காதவர் கைக்குப் போக ஒரு தேர்தல் போதும்.

நம்மவர்கள் மீதும் எனக்குக் குறை உண்டு. மத அமைப்புகள் ஆண்டுதோறும் அரசு மானியம் வாங்குகின்றன. வாங்கிய பிறகு காவடித் திருவிழா மேடையில் அமைச்சர் மைக்கைப் பிடித்தால் யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? மானியத்தை நிறுத்தினால் கோவில் இடிந்துவிடாது. கரும்புத் தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்துக் கோவில் கட்டியவர்களின் பேரன்கள்தானே நாம்.

'60க்கு 60 வந்துவிட்டால் தட்டிக்கேட்க யார்?' என்று இன்னொருவர் கேட்டிருந்தார். 1982இலும் 1995இலும் இதே போல மொத்தமாக வென்றார்கள். முதல் அணி ஓராண்டுக்குள் பிளந்தது, அடுத்தது 1997இல் பிளந்தது. இரண்டு முறையும் அரசை அடக்கியது எதிர்க்கட்சி அல்ல, அமைச்சரவைக்குள் வந்த சண்டைதான். இந்த முறையும் அதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க எனக்கு விருப்பமில்லை. இணையத்தை முடக்க நீதிபதியின் முன் அனுமதி கட்டாயம் என்று இந்த நாடாளுமன்றமே சட்டம் இயற்றட்டும். பெரும்பான்மை இல்லை என்று சாக்குச் சொல்ல இப்போது வழியே இல்லை.