குழந்தைக்குப் பாட்டி சொல்லும் படைப்புக் கதைகளைத் தடுக்க வேண்டுமா?

"உலகத்தில் உயிர் எப்படி வந்தது என்று எட்டு வயது மகள் கேட்கிறாள், பாட்டி புராணம் சொல்கிறார், நிறுத்தலாமா?" என்கிறீர்கள். அந்தப் பாட்டி உங்கள் அம்மாவா மாமியாரா, தெரியவில்லை. நான் நிறுத்திப் பார்த்தவன். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பூர்வீகம் கும்பகோணம். 2016 மகாமகத்துக்குப் போய்வந்ததிலிருந்து பேரனுக்கு ஒரே கதைதான். பிரளயத்தில், உயிர்களின் வித்தும் அமுதமும் வைத்த பிரம்மாவின் குடம் மிதந்து வந்து ஓரிடத்தில் தங்குகிறது. சிவன் வேடனாக வந்து அம்பால் அதை உடைக்கிறார். சிந்திய அமுதம்தான் மகாமகக் குளம். போன வருஷம் பையன் இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை 3, அதாவது மூன்றாம் வகுப்பு. "பொய்யெல்லாம் சொல்லாதீங்கம்மா, ஸ்கூல்ல போய் உளறப் போறான்" என்று அவன் முன்னாலேயே சொல்லிவிட்டேன். பாலிடெக்னிக் படித்த திமிர். 350 கோடி வருஷம், ஒற்றைச் செல் என்று நானே பாடம் நடத்தினேன். பையன் பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டான்.

அம்மா சண்டை போடவில்லை. சாயங்காலம் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே போய், பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியிடம் அதே கதையைப் பசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், சொல்ல ஆரம்பித்துவிட்டார். பதிலுக்கு அந்தப் பாட்டி நூவா கதை சொன்னாராம். நூவா என்ற பெண் தெய்வம் மஞ்சள் மண்ணைப் பிசைந்து ஒவ்வொரு ஆளாகச் செய்தது. அலுத்துப்போனதும் கயிற்றைச் சேற்றில் தோய்த்து உதறியது. கையால் பிடித்துவைத்தவர்கள் பெரிய மனிதர்கள், தெறித்து விழுந்தவர்கள் ஏழைபாழைகள்.

மேலே வந்த அம்மா, "அப்போ நாமெல்லாம் கயித்துல தெறிச்ச கேஸுடா" என்றார். ஒரு வாரம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"புராணத்தை அறிவியல் என்கிறாயா?" என்று இங்கே சிலர் கிளம்புவார்கள். அப்படிச் சொல்லவில்லை சாமி. பரிணாமத்தைத் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். பரீட்சைக்கு அதுதான் வரும், குடம் வராது.

பரீட்சை என்றதும் வயிறு எரிகிறது. மாதம் 180 வெள்ளி வாங்கும் துணைப்பாட நிலையத்தில் தமிழ்க் கட்டுரையை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். என்ன தலைப்பு கொடுத்தாலும் என் பையன் கட்டுரையில் கடைசியில் தீயணைப்பு வண்டி வந்துவிடுகிறது! இதைக் கேட்க ஆளில்லை, பாட்டி கதை சொன்னால் மட்டும் நமக்குப் பதறுகிறது.

சரி, உங்கள் கேள்வி. நிறுத்தாதீர்கள். போன வாரம் பையன் கேட்டான், "பாட்டி, குடம் உடைஞ்சப்ப நூவா எங்க இருந்தாங்க?" அம்மா கொஞ்சம் யோசித்தார். "இரு, கீழ போய்க் கேட்டுட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.